தீவை விழுங்கியது யார்?



தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. காரணம் கேட்டால், "கடல் தாயின் கோபம்" என்பார் ஒருவர். "எல்லாம் அவன் செயல்" என்பார் மற்றொருவர். கோபங்கொண்ட தாய், ஆளில்லாத மணல் திட்டையா தேடிப் பிடித்து விழுங்குவாள்?

பவளப்பாறை வெறுங்கல் அல்ல. சின்னஞ்சிறு பிராணிகள் கோடிக்கணக்கில் கூடி, கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கட்டிய வீடு அது. உருண்டைப் பவளம் வருஷத்திற்கு வளர்வது சுமார் 1 சென்டிமீட்டர்தான். அது அலையை உடைத்துத் தடுப்பதால்தான், அதன் பின்னால் மணல் சேர்ந்து தீவாக நிற்கிறது. அந்த மதிலை நம் மனிதர்கள் பல பத்து வருஷங்களாகக் கடப்பாறையால் பெயர்த்துத் தோணியில் ஏற்றி, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மூழ்கிப் பெயர்த்தவன் வயிற்றுக்கில்லாத கூலிக்காரன். பணத்தை எண்ணியவன் கரையிலிருந்த முதலாளி. மதில் போயிற்று, தீவும் கரைந்தது. இதில் கடவுள் எங்கே வந்தார்?

இலங்கையின் தென்மேற்குக் கரையைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. ஹிக்கடுவையில் பவளப்பாறை காப்பாற்றப்பட்டிருந்தது. அங்கே தண்ணீர் சுமார் 50 மீட்டர்தான் ஏறிற்று. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரலியாவில் பாறையைத் திருட்டுத்தனமாய் வெட்டியிருந்தார்கள்; அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே புகுந்து, ஒரு ரயிலையே புரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆராய்ச்சிக்காரர்கள் நேரில் போய் அளந்து 2005-ல் வெளியிட்ட கணக்கு இது. அதே கடல், அதே நாள்! செத்தவர்களெல்லாம் பாவிகள், பிழைத்தவர்களெல்லாம் புண்ணியவான்கள் என்று சொல்ல எவனுக்காவது நா எழுமா? எழும், அப்படிச் சொல்லியே பிழைக்கிற கூட்டமும் உண்டு. அதை விடுங்கள்.

பவளத்தை எடுப்பது குற்றமென்று 2001-ல் சட்டமாயிற்று. காளவாய் அணைந்தாலும் வேறு நெருப்பு இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் கடல் சூடேறி, 2010-லும் 2016-லும் இந்தப் பவளங்கள் வெளுத்து, பல மாண்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை வார்த்து அதன் முன்னே இறக்கினார்கள்; மணல் மறுபடி சேரத் தொடங்கிற்று. யாரும் அங்கே யாகம் வளர்க்கவில்லை.