தோல்வியே இல்லை, அழைப்பும் இல்லை: 1951-ன் சான் ஃபிரான்சிஸ்கோ டான்ஸ்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமோட கதை. ஃபுட்பால்னதும் மெஸ்ஸி, ரொனால்டோ ஞாபகம் வந்தா அவங்களைக் கொஞ்சம் ஓரமா உட்கார வெச்சிடுங்க. நான் பேசப்போறது அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, தலையில ஹெல்மெட், ஆளோட ஆள் மோதித் தள்ளுற ஆட்டம். ரூல்ஸ் தெரியாட்டியும் பரவாயில்லை. இந்தக் கதையில முக்கியமான விஷயம் மைதானத்துக்கு வெளியேதான் நடக்குது.

வருஷம் 1951. கலிஃபோர்னியாவுல யுனிவர்சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோன்னு யேசு சபைப் பாதிரியார்கள் நடத்துற ஒரு சின்ன கல்வி நிறுவனம். டீம் பேரு டான்ஸ். கோச் ஜோ குஹாரிச். அந்த சீசன்ல இவங்க ஆடினது 9 மேட்ச். ஜெயிச்சது 9. டிரா கூட கிடையாது.

சும்மா தட்டுத்தடுமாறி ஜெயிக்கலை. காலேஜ் ஆஃப் பசிஃபிக்னு ஒரு பலமான டீம். அவங்களை 47-14. இந்த ஸ்கோரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வருவேன். நியூயார்க் போய் ஃபோர்டாம் டீமை 32-26ன்னு ஜெயிச்சாங்க. கடைசி மேட்ச்ல லயோலாவை 20-2.

இந்த டீமோட ஹீரோ ஆலி மாட்சன். பந்தோட ஓடறதுதான் அவரோட வேலை. அந்த சீசன்ல 1,566 கெஜம் ஓடினார், 21 டச்டவுன். நாட்டிலேயே அதுதான் முதலிடம். ஃபோர்டாம் மேட்ச்ல மட்டும் ரெண்டு தடவை கிக்-ஆஃப் பந்தைப் பிடிச்சு, கிட்டத்தட்ட மைதானத்தோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடி முடிச்சார். தடுப்பாட்டத்துல பர்ல் டோலர். மாட்சனும் டோலரும் கறுப்பினத்தவர். மத்த எல்லாரும் வெள்ளையர்.

பௌல்னா என்ன?

சீசன் முடிஞ்சதும் ஜனவரி 1 வாக்கில பௌல் மேட்ச்னு சில பெரிய ஆட்டங்கள் நடக்கும். அப்போ பெரும்பாலும் பாயின்ட்ஸ் டேபிள் பார்த்துத் தானா தகுதி கிடைக்கிற முறை இல்லை. நடத்துற கமிட்டி யாரைக் கூப்பிட்டுச்சோ அவங்கதான் போக முடிஞ்சது. பேரும் கிடைக்கும், பணமும் கிடைக்கும். சின்ன காலேஜுக்கு அந்தப் பணம் ரொம்பப் பெரிசு. டான்ஸுக்கு இன்னும் பெரிசு, ஏன்னா அவங்க ஃபுட்பால் டீம் நஷ்டத்துலதான் ஓடிக்கிட்டிருந்தது.

ஆரஞ்ச் பௌல் மயாமியில. சுகர் பௌல் நியூ ஆர்லியன்ஸ்ல. கேட்டர் பௌல் ஜாக்சன்வில்ல. எல்லாமே தென் மாநிலங்கள். அங்கே அப்போ ஸ்கூல், பஸ், ஹோட்டல் எல்லாத்துலயும் கறுப்பினத்தவரைத் தனியா ஒதுக்கி வைக்கிறது சட்டமாவே இருந்தது. ஸ்கூல்ல பிரிச்சு வைக்கிறது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954-லதான்.

அதனால டான்ஸுக்கு வந்த கேள்வி இதுதான்: மாட்சனையும் டோலரையும் விட்டுட்டு வர்றீங்களா?

பசங்க முடியாதுன்னுட்டாங்க. இதுக்காக நீண்ட விவாதமோ ஓட்டெடுப்போ நடக்கலைன்னு அந்த டீம்ல ஆடினவங்க வயசான காலத்துலயும் சொல்லியிருக்காங்க. வந்தா எல்லாரும் வருவோம், இல்லைன்னா யாரும் வரலை. அவ்வளவுதான்.

அழைப்பு வரலை.

அட்டவணை சாக்கு

"டான்ஸ் மோதின டீம்கள் பெரும்பாலும் சின்ன டீம்கள், அதனாலதான் கூப்பிடலை"ன்னு ஒரு வாதம் உண்டு. அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. அவங்க அட்டவணையில பெரிய பல்கலைக்கழகங்கள் அதிகம் இல்லை. ஆனா இப்போ அந்த 47-14-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. டான்ஸ்கிட்ட அப்படி அடி வாங்கின அதே பசிஃபிக் டீம்தான் 1952 ஜனவரி 1 அன்னிக்கு சன் பௌல்ல டெக்சஸ் டெக் கூட ஆடுச்சு. தோத்தவங்களுக்கு அழைப்பு, ஜெயிச்சவங்களுக்கு இல்லை. அட்டவணையை மட்டும் வெச்சு இதை எப்படி விளக்கறது?

"அந்தக் காலம் அப்படி, வேற வழியில்லை"ன்னும் சொல்ல முடியாது. 1948-லயே டல்லஸ் நகரத்துல நடந்த காட்டன் பௌல்ல, ரெண்டு கறுப்பின வீரர்களோட பென் ஸ்டேட் டீம் ஆடியிருக்கு. மனசு வெச்சா வழி இருந்தது.

விலை

இந்த மாதிரிக் கதைகள்ல நாம சீக்கிரமா கைதட்டிட்டுக் கிளம்பிடுவோம். கொஞ்சம் நின்னு, அவங்க கொடுத்த விலையையும் பார்க்கணும். சீசன் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே, செலவு தாங்கலைன்னு நிர்வாகம் ஃபுட்பாலையே நிறுத்திடுச்சு. தோல்வியே காணாத டீம் கலைஞ்சு போச்சு. படிப்பு பாக்கி இருந்தவங்க வேற இடம் தேடினாங்க. பாப் செயின்ட் கிளேர் அடுத்த வருஷம் டல்சா பல்கலைக்கழகத்துக்காக ஆடினார்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேட்டா அசந்துடுவீங்க. மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர்ல வெண்கலம், தொடர் ஓட்டத்துல வெள்ளி வாங்கினார். பிறகு என்எஃப்எல் போனார். 1959-ல அவர் ஒருத்தருக்காக ராம்ஸ் டீம் ஒன்பது பேரை விட்டுக்கொடுத்தது. மாட்சன், ஜீனோ மார்ச்செட்டி, செயின்ட் கிளேர்னு இந்த ஒரே காலேஜ் டீம்லேர்ந்து மூணு பேர் ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க. டீமுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதிக்கொடுத்த பையன் பீட் ரோஸெல் 1960-ல என்எஃப்எல் கமிஷனராவே ஆயிட்டார். அவரும் ஹால் ஆஃப் ஃபேம்ல உண்டு.

எனக்கு மனசுல நிக்கிறவர் பர்ல் டோலர். 1952-ல ஒரு ஆட்டத்துல முழங்கால் அடிபட்டு, அவரோட ஆட்ட வாழ்க்கை ஆரம்பிக்கும் முன்னாடியே முடிஞ்சு போச்சு. ஒரு பெரிய பௌல் மேட்ச்ல ஆடற வாய்ப்பும் முன்னாடியே போயிடுச்சு. அவர் டீச்சரானார், சான் ஃபிரான்சிஸ்கோவுல ஸ்கூல் பிரின்ஸிபால் ஆனார். 1965-ல என்எஃப்எல்லோட முதல் கறுப்பின நடுவர் ஆனார். 1980-ல சூப்பர் பௌல்ல நடுவரா நின்னார். வேண்டாம்னு ஒதுக்கப்பட்ட மனுஷன், நாட்டோட மிகப் பெரிய ஆட்டத்துல தீர்ப்பு சொல்ற இடத்துல இருந்தார்.

2006-ல பல்கலைக்கழகம் அந்த டீமுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துச்சு. 55 வருஷம் கழிச்சு. அதுக்குள்ள பலர் போய்ச் சேர்ந்துட்டாங்க.

இதுல நான் எடுத்துக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. மறுப்பு சொன்ன அன்னிக்கு அந்தப் பசங்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமும் தெரியாது, டாக்டர் பட்டமும் தெரியாது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வர்ற வாய்ப்பு கைநழுவுதுன்னு மட்டும்தான் தெரியும். நம்ம ஆபீஸ்லயோ, காலேஜ்லயோ, ஃப்ரெண்ட்ஸ் குரூப்லயோ "அவனை மட்டும் விட்டுட்டு நீங்க எல்லாம் வாங்க"ன்னு யாராவது சொல்லும்போது, பின்னாடி என்ன கிடைக்கும்னு நமக்கும் தெரியாது. அப்போ நாம என்ன சொல்றோம்? யோசிச்சு வைங்க.