மலையின் காவலரும் சுற்றுலாவின் பயனும்

போர்ட் கொச்சிக்கு வரும் பயணி கடற்கரையில் சீன வலைகளைக் காண்கிறார். மட்டாஞ்சேரியில் மிளகு, ஏலக்காய் ஆகியவற்றின் மணத்தை நுகர்கிறார். அவை விளைவது கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில். பயணியருள் பலர் அடுத்து அம்மலைக்கே, தேக்கடிக்கும் மூணாறுக்கும் செல்கின்றனர். அவர்கள் செலவிடும் பணம் மலைவாழ் மக்களைச் சென்றடைய வழி யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

தேக்கடியைச் சூழ்ந்த பெரியாறு வனப்பகுதி 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. யானைகளைப் படகிலிருந்து காணப் பயணியர் திரண்டனர். ஆனால், அக்காட்டைத் தலைமுறைகளாக அறிந்த மன்னான், பளியர் குடியினர் அதன் விளிம்பில், குமுளியருகே குடியமர்த்தப்பட்டிருந்தனர். மிளகு பயிரிட்ட மன்னான் குடியினர் பலர் வணிகரிடம் கடன்பட்டு, விளைச்சலை முன்கூட்டியே அடகு வைத்து வந்தனர். சுற்றுப்புற ஊர்களைச் சேர்ந்த வேறு சிலரோ, காட்டு இலவங்க மரத்தின் பட்டையைச் சட்டத்திற்குப் புறம்பாக உரித்து விற்றனர். வழக்குகள் பெருகின, காடு தேய்ந்தது, வறுமையோ தேயவில்லை.

1996-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. மக்களைக் கொண்டே சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பட்டை உரித்து வந்தவர்களுள் 23 பேர் பயணியருக்கு வழிகாட்டிகளாயினர். கடத்தல்காரரின் தடங்களை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? பயணியரை அழைத்துச் செல்லும் நடையே காவல் சுற்றும் ஆயிற்று. மன்னான் குடியினர் அடகிலிருந்து மீண்டு, மிளகை நல்ல விலைக்கு விற்கக் குழு துணை நின்றது. பெண்கள் ‘வசந்த சேனா’ என்னும் பெயரில் ஊதியமின்றிக் காடு காத்தனர். திட்டக் காலம் 2004-இல் முடிந்தபின்னும் பணி தொடர வேண்டுமென்று பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. காட்டைக் காப்பதில் வருவாய் கிடைக்கும்போது, காட்டை அழிக்க வேண்டிய நிர்ப்பந்தம் குறைகிறது. ஆயினும், அவ்வருவாய் அதிகாரியின் கருணையால் கிடைக்கும் கொடையாக இருத்தலாகாது. அதிகாரி மாறினால் அதுவும் மாறிவிடும். பயணியர் கட்டணத்தில் குழுக்களுக்குரிய பங்கு உரிமையாக நிலைபெற வேண்டும். ஊதியமின்றிச் செய்யும் தொண்டு போற்றத்தக்கதே. ஆனால், ஏழைப் பெண்களின் தொண்டை மட்டுமே நம்பி ஒரு காட்டை நெடுங்காலம் காக்க இயலாது. காடு தாங்கும் அளவிற்கு மேல் பயணியரை அனுமதிப்பதும் முதலையே அழிப்பதாகும்.

கொச்சியில் பயணத் திட்டம் வகுப்போர் மலைவாழ் வழிகாட்டிகளுக்கு முதலிடம் அளிக்கலாம். விடுதிகள் அவர்களது மிளகை நேரடியாக வாங்கலாம். மலையின் அழகை விற்கும் துறைமுகம், அவ்வழகைக் காப்போருக்கும் கடன்பட்டுள்ளது. அக்கடனைத் தீர்ப்பதே பொறுப்புள்ள சுற்றுலாவின் இலக்கணமாகும்.