ஐம்பதுக்குப் பின் ஆகாயம்

ஓய்வு பெறும் வயதை அடுத்தவர்க்கு வீட்டுத் தோட்டமும், காலைப் பத்திரிகையும், மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையிற் சிறிது நடையும் போதிய பொழுதுபோக்கு என்பது நம்மவரின் பொதுவான எண்ணம். எனக்கும் அவ்வெண்ணமே இருந்தது. கொட்டாஞ்சேனையில் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகக் கடமையாற்றும் நான் ஒரு கலைப் பட்டதாரி. இயந்திரங்களோடு எனக்குள்ள உறவு சைக்கிளுக்குக் காற்றடிப்பதோடு முடிந்துவிடும். அத்தகைய நான் ஐம்பத்து நான்காம் வயதில் சிறு விமானம் ஓட்டப் பழகப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி முதலிற் சிரித்தார். பின்னர், "காப்புறுதிப் பத்திரம் எந்த லாச்சியில் இருக்கென்று சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார்.

இவ்விருப்பம் தோன்றிய விதத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். இரத்மலானையிலிருந்து எழும் சிறு விமானங்கள் சிலவேளை எங்கள் கடலோரமாகப் பறப்பதுண்டு. ஒருநாள் மாலை, என் தமக்கையின் பேரனோடு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். விமானத்தின் ஒலி கேட்டது. நான்கு வயதுக் குழந்தை கைகளை உயர்த்தி அசைத்துக் குதித்தது. நானோ என்னையறியாமலே சுவரோடு ஒட்டி நின்றேன். "ஏன் தாத்தா ஒளிக்கிறீங்கள்?" என்று அவன் கேட்டான்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு விடை தெரியும். அந்நாளில் விமான ஒலி கேட்டால் அண்ணாந்து பார்த்து நிற்பவர் அரியர். பதுங்கு குழியை நோக்கி ஓடுபவரே பலர். யுத்தம் 2009இல் முடிந்தது. ஆயினும் என் செவியில் அது முடியவில்லை என்பதை அக்குழந்தையின் கேள்வி எனக்கு உணர்த்தியது. அஞ்சிய பொருளை விட்டு விலகி விலகிச் சென்றால் அச்சம் வளரும். அருகிற் சென்று அதன் பெயரையும் உறுப்பையும் கற்றால் அச்சம் குறையும். இதை எத்தனையோ மாணவர்க்குக் கணித பாடம் குறித்துச் சொல்லியிருக்கிறேன். அதை எனக்கே சொல்லிக்கொள்ளும் வேளை வந்தது.

இரத்மலானையின் பழைய கதையைப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் அந்நிலத்தில் முதன்முதலாக வந்திறங்கியது சென்னை விமானச் சங்கத்தின் ஒரு சிறு விமானமே. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. நாம் அஞ்சி ஒளித்த அதே வானம், அதற்கு முன்னொரு காலத்தில் வடக்கையும் தெற்கையும் இணைத்த வீதியாக இருந்திருக்கிறது.

இனி, இப்பொழுதுபோக்கின் இயல்பைப் பார்ப்போம். அல்ட்ராலைட் என வழங்கும் மிக இலேசான விமானங்கள், 1970களில் அமெரிக்காவில், குன்றின் சரிவிலிருந்து ஓடிப் பாய்ந்து மிதக்கும் துணி இறகுகளுக்குச் சிறு இயந்திரம் பூட்டிப் பார்த்தவர்களின் முயற்சியால் பரவின. 1982இல் அந்நாடு இவற்றுக்கு விதி வகுத்தது. அதன்படி இவ்வகை விமானத்தில் ஒருவரே அமரலாம். இயந்திரம் பூட்டிய வெறுங் கலத்தின் எடை ஏறக்குறைய 115 கிலோகிராமுக்கு உட்பட வேண்டும். கொள்ளும் எரிபொருள் 19 லீற்றர் அளவே. உச்ச வேகம் மணிக்கு நூறு கிலோமீற்றர் அளவே. அலுமினியக் குழாய்ச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, ஓர் இருக்கை, ஒரு சிறு இயந்திரம் இவ்வளவுதான் அதன் உருவம். மெல்லப் பறப்பதால் குறுகிய புற்றரையிலும் இறங்கிவிடும். ஆனால் எடை குறைந்ததாதலால் காற்றுக்கு எளிதில் அலைக்கழியும். ஆகவே, கடற்காற்று எழுமுன் காலை வேளையில் பறப்பதே இதற்கு ஏற்றது.

நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடியாக விளங்கியவர் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1924இற் பிறந்து 2010இல் மறைந்த அவர், கேம்பிரிட்ஜிற் கற்றவர். 1950களில் இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியில் பாய்மரப் படகோட்டியாக இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டவர். பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக வீற்றிருந்தவர். இத்தனைக்குமிடையே தம் கையாலேயே சிறு விமானங்களைக் கட்டி, தாமே அவற்றில் ஏறிப் பறந்து சோதித்தார். எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் அதனை விடவில்லை. அவர் இளமையிலேயே பறக்கக் கற்றவர். என்னைப் போல் பிந்தி வந்தவர் அல்லர். எனினும், வயது ஏறுவதால் ஆர்வம் இறங்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. இந்தியாவில் ஜே. ஆர். டி. டாட்டா, 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்ததை நினைவுகூர்ந்து, 1982இல் தமது எழுபத்தெட்டாம் வயதிற் சிறு விமானமொன்றில் அதே வழியே மீண்டும் தனியே பறந்தார்.

நான் ஏறியது அல்ட்ராலைட் அன்று. அதனினும் சற்றுப் பெரிய, இருவர் அமரும் பயிற்சி விமானம். முதலில் வைத்தியப் பரிசோதனை. பிறகு ஒரு சனிக்கிழமைக் காலை, என் வயதிற் பாதியும் நிரம்பாத இளைஞர் ஒருவர் எனக்கு ஆசிரியரானார். விமானம் ஓடி எழுந்து, காலி வீதியைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்தது. இயந்திர ஒலி காதை நிறைத்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. திறந்தபோது கல்கிசை முனையும் கடலோரப் புகையிரதப் பாதையும் பின்னால் இருந்தன. முன்னால் பொல்கொடை வாவி காலை வெயிலில் விரிந்து கிடந்தது.

இளைஞர் கட்டுப்பாட்டுத் தண்டை என்னிடம் தந்தார். நான் அதை உடும்புப் பிடியாகப் பிடித்தேன். விமானம் தலையாட்டத் தொடங்கியது. "இறுக்கிப் பிடிக்க வேண்டாம், சேர். இரண்டு விரல் காணும்" என்றார் அவர். எழுத்துப் பழகும் குழந்தை பென்சிலை அழுத்தி அழுத்தித் தாளைக் கிழித்துவிடுவதை நினைத்துக்கொண்டேன். அக்குழந்தைகளை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! அவர்கள் பிடிவாதத்தால் அழுத்தவில்லை, பயத்தால் அழுத்தினார்கள் என்பதை முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் அறியாது, அன்று அறிந்தேன்.

மூன்றாம் பாடத்தில் அவர் வேறொன்று காட்டினார். விமானத்தின் மூக்கை மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே போனால், இறகு காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறும். இறகின் மேலே தழுவி ஓடும் காற்று பிரிந்து கலையும். தூக்கும் வலு குன்றி விமானம் கீழே அமிழும். அவ்வேளையில் அச்சம், "மேலே இழு, மேலே இழு" என்கிறது. இழுத்தால் கேடு மிகும். மூக்கைத் தாழவிட்டு வேகத்தைப் பெறுவதே உய்யும் வழி. முதல் தடவை நான் இழுத்தேன். இளைஞர் பொறுமையோடு திருத்தினார். நான்காந் தடவை என் கை தானாகவே முன்னே சென்றது. அன்று வீட்டுக்கு வந்து, பத்தாம் வகுப்பில் முதற் பரிசு பெற்ற நாளிற் போல உறக்கமின்றிக் கிடந்தேன்.

அதிபரின் சம்பளத்தில் இது அடிக்கடி செய்யத்தக்கதன்று. இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு பாடம் என்றவாறே செல்கிறது. அனுமதிப்பத்திரம் பெறுவேனோ, தனியே பறப்பேனோ, சொல்வதற்கில்லை. பிந்தித் தொடங்குவோர்க்கு இரண்டொரு வார்த்தை மட்டும் சொல்லலாம். வைத்தியரிடம் எதையும் மறைக்க வேண்டாம். தகுதி பெற்ற ஆசிரியரின்றிப் பறக்கத் துணிய வேண்டாம். தென்மேல் பருவக்காற்று வீசும் நாளில், "இன்று வேண்டாம்" என்று ஆசிரியர் சொன்னால் மனங்கோணாது பஸ் ஏறி வீடு திரும்புங்கள். அனுபவம் மிக்க முன்னோடியான ஒட்டோ லிலியந்தால், ஏறக்குறைய இரண்டாயிரம் முறை மிதந்து பழகிய பின், 1896இல் தமது நாற்பத்தெட்டாம் வயதில் விழுந்தே உயிர் நீத்தார். வானம் வயதையும் பதவியையும் பார்ப்பதில்லை.

நேயர்களே, நீங்கள் எல்லோரும் விமானம் ஏற வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வீணை கற்கலாம், நீந்தக் கற்கலாம், சிங்களமோ அரபோ கற்கலாம். ஐம்பதுக்குப் பின் ஏதேனும் ஒன்றில் முதலாம் வகுப்பு மாணவராக ஒருமுறை அமருங்கள். இயலுமானால், இளமையில் உங்களை அஞ்ச வைத்த ஒன்றையே தேர்ந்துகொள்ளுங்கள்.

சென்ற வாரம் மீண்டும் அந்த மொட்டை மாடியில் நின்றோம். தெற்கேயிருந்து ஒலி வந்தது. என் நெஞ்சு ஒருமுறை படபடத்தது. அது இனியும் படபடக்கும். ஆனால் நான் சுவரை நாடவில்லை. "வலப்புறம் திரும்பப் போகிறது, பார்" என்று பேரனுக்குச் சொன்னேன். அவ்வாறே அது திரும்பியது. நாங்கள் இருவரும் கையசைத்தோம்.