பனியை உருக்கும் வாசல்



பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் விடியுமுன் புறப்படும் நமக்குக் குளிர் என்றால் அது மழைக்காலக் குளிர்தான். கனடா நாட்டின் சனவரி மாதக் குளிர் வேறு வகை. சில நாட்களில் இரவு பெய்யும் பனி, விடிவதற்குள் முழங்கால் உயரத்திற்கு வாசலை மூடிவிடும். வீட்டிலிருந்து காரைச் சடக்கிற்குக் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அந்தப் பனியை வாரிக் கொட்டியாக வேண்டும்.

இதிலிருந்து தப்ப அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிமெண்டுத் தரைக்குள் மின்கம்பியைப் புதைத்துத் தரையையே சூடாக்குவது. விழும் பனி விழுந்த இடத்திலேயே தண்ணீராகிவிடும். கம்பிக்குப் பதில் குழாய் பதித்து, உறையாத மருந்து கலந்த சுடுநீரை ஓடவிடுவதும் உண்டு. ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில், பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் வீடுகளைச் சூடாக்கிய பிறகு, மிச்சச் சூட்டோடு நடைபாதைகளுக்கு அடியில் ஓடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்னும் ஊரில் 1988 முதல் மின்நிலையத்தின் கழிவுச் சூடு கடைவீதிப் பனியை உருக்கி வருகிறது. வீணாகும் சூட்டைப் பயன்படுத்துவோருக்கு இது இலாபந்தான். காசு கொடுத்துச் சூடு வாங்கும் வீட்டுக்காரருக்கு?

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ பனிக்கட்டியை அதே குளிர்ச்சியுள்ள தண்ணீராக்க ஆகும் சூட்டைக் கொண்டு, ஒரு கிலோ தண்ணீரைச் சுழியம் பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகை வரை ஏற்றிவிடலாம். பனி அவ்வளவு சூட்டை விழுங்கும். அதனால்தான் சதுர மீட்டருக்குச் சுமார் 400 வாட் மின்சாரம் தேவைப்படுகிறது. வாசல் 50 சதுர மீட்டர் என்றால் 20 கிலோவாட். பத்துப் பெரிய மின்கெட்டில்களை ஒரே நேரத்தில் கொதிக்க வைப்பது போல! ஆறு மணி நேரத்திற்கு 120 யூனிட். யூனிட் 15 காசு என்று வைத்தாலும் ஒருமுறைக்கு 18 டாலர். இருபது முறை பனி பெய்தால் 360 டாலர். இருக்கிற தரையை உடைத்துக் கம்பி பதித்து மறுபடி சிமெண்டு போடும் செலவு இதைப்போலப் பல மடங்கு.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி டொராண்டோ அருகே குடியிருக்கிறாள். கடன் வாங்கி இதைப் போடலாமா என்று கேட்டாள். வசதிக்காகக் கேட்கவில்லை. அவளுடைய மாமனார் நம்மைப்போல் தோட்டத்தில் மரம் வெட்டியவர். நாலு மணிக்கு விழிக்கும் பழக்கம் அங்கே போயும் விடவில்லை. மற்றவர்கள் எழுமுன்பே பனிவாரியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும்; அந்நேரம் கனமான பனியைத் தூக்கினால் இதயம் தாங்காது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தடுத்தாலோ, “சும்மா உட்கார்ந்து சாப்பிடவா வந்தேன்?” என்கிறாராம். இந்தப் பிடிவாதம் நம் லயன்களிலும் உண்டு.

நான் சொன்னது இதுதான். கார் போகும் வழியை, பருவத்துக்கு இவ்வளவு என்று பேசி, இயந்திரத்தால் பனி தள்ளும் ஆளிடம் விட்டுவிடலாம். ஆள் வழுக்கி விழுவது படியிலும் நடைவழியிலுந்தான். அது ஐந்து சதுர மீட்டருக்கு மேல் இராது. இரண்டு கிலோவாட், ஒரே கெட்டில். ஆறு மணி நேரத்திற்கு 1 டாலர் 80 காசு. தரையை உடைக்காமல் மேலே விரிக்கும் மின்பாய்களும் கிடைக்கின்றன. உப்புத் தூவுவது மலிவுதான். ஆனால் கடுங்குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது, சிமெண்டையும் அரித்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உருகிய நீர் வடிய வழி இல்லாவிட்டால், பாய் முடிகிற இடத்தில் மறுபடி உறைந்து, கண்ணாடிபோல் வழுக்கும். விசையையும் பனி விழத் தொடங்கும்போதே போட வேண்டும். குவிந்து இறுகிய பிறகு போட்டால் வெகுநேரம் ஆகும்.

விசை போடும் பொறுப்பை மாமனாரிடமே கொடுக்கச் சொன்னேன். நாலு மணிக்கு எழுந்திருப்பவர் அவர்தானே.