மூக்குக்கண்ணாடியின் எழுநூறு ஆண்டுகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று வாசலில் நிகழ்ச்சி நிரலைத் தந்தபோது எங்கள் வகுப்பார் என்ன செய்தோம் என்பதைத் தங்கைமார் கவனித்திருப்பீர்கள். தாளைக் கை நீட்டித் தூரப் பிடித்தோம். கையின் நீளம் போதாதவர்கள் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடினோம். நாற்பது வயதையொட்டிக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் நெகிழ்வை இழந்துவிடுகிறது. கிட்ட உள்ளதைப் பார்க்க அது தடித்து வளைய வேண்டும். வயது ஏற ஏற வளைய மறுக்கிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது நோயன்று. இதிலிருந்து எவருக்கும் விலக்கும் இல்லை.

உலகின் முதல் மூக்குக்கண்ணாடி இந்த வெள்ளெழுத்துக்காகத்தான் செய்யப்பட்டது. 1306ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிரசங்கம் செய்த ஜோர்டானோ என்ற டொமினிக்கன் துறவி, கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டார். அதைக்கொண்டே 1286ஆம் ஆண்டளவில் அது தோன்றியிருக்கும் எனக் கணிக்கிறார்கள். கண்டுபிடித்தவரின் பெயர் நிலைக்கவில்லை. அவர் தமது கலையை எவருக்கும் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை என்கிறது பீசா நகரத் துறவிமடமொன்றின் குறிப்பேடு. அம்மடத்தைச் சேர்ந்த அலெசான்ட்ரோ டெல்லா ஸ்பினா என்ற துறவி தாமே அதைச் செய்து பழகி, மகிழ்ச்சியோடு எல்லோருக்கும் பகிர்ந்தார். 1313இல் காலமான அந்தத் துறவியின் பெயரை நாம் இன்றும் சொல்கிறோம். கற்றதை மற்றவருக்குக் கொடுப்பது பற்றி எமது ஆசிரியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கண்ணாடிகளுக்குக் காதில் மாட்டும் கம்பி இல்லை. கைப்பிடியுள்ள இரண்டு குவிவு வில்லைகளை ஓர் ஆணியால் பொருத்தி, மூக்கில் இடுக்கிக்கொள்வார்கள். திரெவீசோ நகரில் 1352இல் தொம்மாசோ டா மொடெனா தீட்டிய சுவரோவியத்தில் ஒரு கர்தினால் அவ்வாறு கண்ணாடி அணிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கர்தினால் 1263இலேயே, கண்ணாடி தோன்றுமுன்பே, காலமாகிவிட்டார். கல்விமான் என்றால் கண்ணாடி இருக்க வேண்டும் என்று ஓவியர் நினைத்துவிட்டார் போலும்!

ஆனால் குவிவு வில்லை கிட்டப் பார்க்க முடியாத பெரியவர்களுக்கே உதவியது. தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும் குறும்பார்வைக்குக் குழிவு வில்லை வேண்டும். அது பரவலாகக் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1462இல் மிலான் நாட்டுப் பிரபு பிரான்செஸ்கோ ஸ்போர்ஸா புளோரன்ஸிலிருந்து மூன்று டசின் கண்ணாடிகள் வரவழைத்தார். அவற்றில் ஒரு டசின் தூரப் பார்வைக்கு, அதாவது இளையோருக்கு, என்று அவருடைய கடிதம் சொல்கிறது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு உதவும் கண்ணாடி இந்த வகைதான்.

வில்லைகள் எப்படி உதவுகின்றன என்பதை 1604இல் கெப்ளர் விளக்கும்வரை, முந்நூறு ஆண்டுகளாக மனிதர் காரணம் அறியாமலே கண்ணாடி அணிந்தார்கள். காதுப்பக்கம் நீளும் கம்பிகளை 1720களின் பிற்பகுதியில் இலண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டவுக்குமாக இருந்த தமது கண்ணாடி பற்றி 1784இல் பெஞ்சமின் பிராங்ளின் மகிழ்ந்து எழுதினார். 1825இல் வானியலாளர் ஜோர்ஜ் எயரி, கருவிழியின் சமனற்ற வளைவால் உண்டான தமது பார்வைக் கோளாறுக்கு உருளை வடிவ வில்லையை வகுத்தார். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் ஆறு மீற்றர் தூரத்தில் நின்று, ஒரு கண்ணைப் பொத்தி நாம் வாசித்தோமே, அந்த எழுத்து அட்டை 1862இல் நெதர்லாந்து வைத்தியர் ஸ்நெலன் உருவாக்கியது. அதனால்தான் எவர் எந்த ஊரில் பரிசோதித்தாலும் ஒரே அளவு கிடைக்கிறது.

ஆகவே, அறிவு எமக்குக் குறைவில்லை. பொருளும் அரிதானதன்று. ஆனாலும் வெள்ளெழுத்து இருந்தும் ஏற்ற கண்ணாடி இல்லாதவர்கள் உலகில் 826 மில்லியன் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. அது அவர்களின் உழைப்பையும் பாதிக்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான சுமார் 750 தொழிலாளரிடம் நடத்தப்பட்டது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தில் ஏற்பட்ட அதிகரிப்பு, பெறாதவர்களிடம் ஏற்பட்ட அதிகரிப்பைவிட நாளொன்றுக்கு ஐந்து கிலோவுக்குமேல் கூடியிருந்தது. எமது மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். நாற்பதுக்குப் பிறகு அவர்களின் விரல்கள் தளர்ந்தன என்று எண்ணுகிறோம். பலருக்குத் தளர்ந்தது கண்ணாக இருக்கலாம். தையலைக் கைவிட்ட அம்மம்மா, அரிசியில் கல் பொறுக்க முடியாமல் பேத்தியைக் கூப்பிடும் அப்பம்மா ஆகியோருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எமது வீடுகளில் மகனுக்குக் கண்ணாடி என்றால் படிப்பாளி என்பார்கள். மகளுக்கு என்றால் கலியாணப் பேச்சைப் பற்றிக் கவலைப்படுவார்கள். "போட்டால் கூடிக்கொண்டே போகும்" என்றும் சொல்வார்கள். வளரும் வயதில் கண்ணின் நீளம் கூடுவதால் குறும்பார்வையும் கூடும். கண்ணாடி அதற்குக் காரணமன்று. பிறந்தது முதல் மங்கலாகவே பார்க்கும் பிள்ளைக்கு, மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதே தெரியாது. ஆகையால் அவள் முறையிடமாட்டாள். கொப்பியில் பிழையாக எழுதுவாள், அல்லது பேசாமல் இருப்பாள். கவனமில்லாதவள் என்று பெயர் எடுப்பாள்.

வைத்தியர்களாகிய நாமும், ஆசிரியர்களாகவும் தாய்மாராகவும் இருக்கும் நாமும், கடல் கடந்து வாழும் நாமும் ஒன்று செய்யலாம். இந்த நூற்றாண்டு ஆண்டிலிருந்து எமது கல்லூரியின் ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை பெறவும், தேவைப்பட்டால் அந்தத் தவணை முடியுமுன் கண்ணாடி பெறவும் சங்கம் பொறுப்பேற்கட்டும். உடைந்தால் மாற்றிக்கொடுக்கவும் ஒரு சிறு நிதி வேண்டும். உடைந்த கண்ணாடியைப் பற்றி வீட்டில் சொல்லப் பயந்து இருக்கும் பிள்ளைகள் உண்டு.

எம் வயதினருக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாக் கடையிலோ அக்காவின் மேசையிலோ எடுத்த கண்ணாடியோடு நிறுத்திவிடாதீர்கள். கண் வைத்தியரிடம் சென்றால் கண்ணழுத்தத்தையும், நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இவை இரண்டும் நோவு தராமலே பார்வையைப் பறிப்பவை. போகும்போது அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள்.