ஓடு விரிசல் விட்ட பிறகு ஒரு நாள்



பல்லடம், உடுமலைப் பக்கம் இருக்கும் பெரிய பொரிப்பகங்களில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் பொரிக்கின்றன. ஓட்டுக்குள் சிக்கிய ஒரு குஞ்சைத் தேடியெடுத்து உதவ அங்கே யாராலும் முடியாது. ஆனால் நம் ஊர்களில் தெர்மாகோல் பெட்டியில் பல்பு, சின்ன மின்விசிறி, தெர்மோஸ்டாட் பொருத்தி, வீட்டிலேயே இருபது முப்பது முட்டை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறுவிடை, பெருவிடை என்று நாட்டுக்கோழி வகை தேடி அலைந்து வாங்கிய முட்டைகள். அவர்களுக்கு ஒவ்வொரு குஞ்சும் பெரிது. இந்தப் பேச்சு அவர்களுக்காக.

முட்டை வைத்த இருபதாம் நாள் வாக்கில் ஓட்டில் சின்ன விரிசல் விழும். உள்ளேயிருந்து கீச்சுக் குரல் கேட்கும். குழந்தைகள் பெட்டியை விட்டு நகரமாட்டார்கள். அப்புறம் மணிக்கணக்காக ஒன்றுமே நடக்காது. ‘பாவம், சிக்கிக்கிச்சு’ என்று நகத்தால் ஓட்டைப் பிய்க்கிறோம். நன்றாகப் பிறந்திருக்க வேண்டிய குஞ்சு, பல சமயம் அந்த இரக்கத்தால்தான் சாகிறது.

அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. அதுவரை அது மூச்சுவிட்டது நுரையீரலால் அல்ல. ஓட்டின் உட்புறச் சவ்வில் படர்ந்திருக்கும் ரத்தக்குழாய்கள் வழியாக. முதலில் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சைத் தொடங்கும். அங்கே காற்று போதாமல் போகும்போதுதான், அலகு நுனியில் இருக்கும் கெட்டியான வெள்ளை முளையால் ஓட்டைக் குத்தும். அதற்குப் பிறகும் இரண்டு வேலை பாக்கி. சவ்வில் ஓடும் ரத்தம் முழுவதும் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமுள்ள மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போக வேண்டும். இதற்குப் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் ஆகலாம். அதற்குமுன் ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடியிருக்காது.

அப்படியானால் எப்போதுதான் கை வைப்பது? இயற்கை பார்த்துக்கொள்ளும், தொடவே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்குபேட்டரில் முட்டையை வைத்தவர்கள் நாம்; பெட்டியில் ஈரப்பதம் குறைந்து சவ்வு காய்ந்தால் அது நம் தவறு. குஞ்சு அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது சவ்வின் நிறம். வெள்ளையாக, ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். விரிசல் விழுந்து ஒரு நாள் முழுதாகக் கடந்தும் ஓட்டை பெரிதாகவில்லை, சவ்வு பழுப்பேறிக் காகிதம்போல் காய்ந்து குஞ்சின் ரோமத்தோடு ஒட்டியிருக்கிறது என்றால் அது உண்மையாகவே சிக்கிவிட்டது. கையைக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சவ்வைத் தொட்டுத் தொட்டு இளக்குங்கள். மூக்குத் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் துணுக்குத் துணுக்காக எடுங்கள். சிவப்பு இழை தெரிந்தாலோ, ரத்தம் துளிர்த்தாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். முட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். இழைகள் மறைந்திருந்தால் தலையை விடுவிக்கலாம். கீழ்ப்பாதி ஓட்டைத் தொடாதீர்கள். தொப்புள் அங்கேதான் இருக்கிறது. அதைக் குஞ்சே காலால் உதைத்துக் கழற்றட்டும்.

சில குஞ்சுகள் தலைகீழாகத் திரும்பிக் கூர்முனையில் குத்தும். அங்கே காற்றறை கிடையாது. அந்த முட்டையை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். தானாக வெளியே வருவதும் உண்டு.

உண்மையில் உதவி தொடங்க வேண்டியது பதினெட்டாம் நாளில். அன்றோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை அறுபத்தைந்து, எழுபது சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். தண்ணீர்த் தட்டின் பரப்பைக் கூட்டினாலே போதும். ஆழம் கூட்டிப் பயனில்லை. மாசி, பங்குனியில் நம் பக்கம் காற்று எப்படி வறண்டு கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு குஞ்சு வெளியே வந்ததும் அதை எடுக்கிற ஆசையில் மூடியைத் திறப்போம். அந்த ஒரு திறப்பில் உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் வெளியேறி, பாதி ஓட்டை போட்ட அடுத்த முட்டையின் சவ்வு இறுகிவிடும். பிறந்த குஞ்சுக்கு அவசரம் இல்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். ரோமம் உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும். அடியில் வழுக்கும் செய்தித்தாள் வேண்டாம். சொரசொரப்பான துணி விரித்தால் கால் அகன்று முடமாகாது.

ஒரே ஈட்டில் நான்கைந்து குஞ்சுகள் சிக்கினால் குறை குஞ்சில் இல்லை, பெட்டியில்தான். அடுத்த ஈடு வைக்கும் முன் வெப்பமானியைச் சோதித்துவிடுங்கள். விசிறி ஓடும் பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஃபாரன்ஹீட்டில் காட்டும் காய்ச்சல் தெர்மாமீட்டரில் அது 99.5. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் பெட்டியின் வெப்பமானியையும் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வெப்பத்தைக் காட்டவில்லை என்றால், பெட்டியில் இருப்பதை மாற்றிவிட்டு முட்டையை வையுங்கள்.