மேய்ந்த ஆட்டின் பாலும் காய்ச்சிய பிறகே

(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே! கால்நடைகளிடமிருந்து கிடைக்கும் பாலை, தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் எடுத்துச் சொல்கிறான். நபி (ஸல்) அவர்களும் ஆடு மேய்த்தவர்கள். ஆகவே ஆடு மாடு வளர்ப்பு நமக்குக் கண்ணியமான தொழில்.

திருவாடானைப் பக்கம் நெல் அறுத்த வயல்களில் ஆடு மாடுகள் மேய்கின்றன. கிடை போட்ட வயலுக்கு எருவும் கிடைக்கிறது. பசும்புல் மேய்ந்த பசுவின் நெய் மஞ்சளாக இருப்பது புல்லிலுள்ள கரோட்டின் சத்தால்தான். அந்தப் பாலில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பும் கூடுதலாக உண்டு.

ஆனால் மேய்ச்சல் என்பது தெருவில் அவிழ்த்து விடுவதல்ல. குப்பையில் கிடக்கும் அசுத்தத்தையே தின்று வளரும் பிராணியை மார்க்கம் 'ஜல்லாலா' என்கிறது. அதன் பாலையும் இறைச்சியையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் ஹதீஸ் உள்ளது. அத்தகைய பிராணியைக் கட்டிவைத்து, அந்த அசுத்தத்தின் பாதிப்பு நீங்கும்வரை சுத்தமான தீவனம் கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். மாடு பிளாஸ்டிக் பையை விழுங்கினால் அது வயிற்றில் தேங்கி உயிரையே வாங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது முக்கியமான விஷயம். "இயற்கையாக மேய்ந்த ஆடு, பாலைப் பச்சையாகக் குடித்தால்தான் சத்து" என்று சிலர் சொல்கிறார்கள். காய்ச்சினால் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அநேகமாக அப்படியே இருக்கும். காய்ச்சாவிட்டால் வரும் ஆபத்தோ பெரிது.

மால்டா தீவில் நீண்ட நாள் காய்ச்சலால் பலர் வாடினார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் அதன் கிருமியைக் கண்டறிந்தார். அது ஆடுகளிடமிருந்தே வருகிறது என்பது 1905-இல்தான் தெரிந்தது. அந்த ஆடுகள் பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாகவே இருந்தன! மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் நோய் வெகுவாகக் குறைந்தது. அதுதான் புருசெல்லா நோய். சபுராளிகளுக்கு 'மால்டா காய்ச்சல்' என்ற பெயர் தெரிந்திருக்கும். அங்கே பச்சை ஒட்டகப் பாலாலும் அது வருகிறது.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி, அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையவும் கூடும். இப்படி இருந்தால், ஆடு மாடு வளர்ப்பதையும் பச்சைப் பால் குடித்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. பால் பொங்கும்வரை காய்ச்சி, மூடி வையுங்கள். பாத்திரத்தை மூடிவைப்பது சுன்னத்தும்கூட. குழந்தைக்கு மருந்தென்று கொடுக்கும் ஆட்டுப்பாலையும் காய்ச்சியே கொடுங்கள். ஆடு மாடு கருச்சிதைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு, 2019-இல் தொடங்கிய தேசிய திட்டத்தில் புருசெல்லா தடுப்பூசி உண்டு. கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல மேய்ச்சல் பாலின் தரத்தைக் கூட்டும்; கிருமியைக் கொல்வது அடுப்புத்தான். அல்லாஹ் தந்த ரிஸ்கைப் பேணி உண்ணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.